மைஎஸ்கியூஎல்-இல் ஸ்டோர்டு ப்ரொசீஜரின் உரிமையாளரை மாற்றுவது எப்படி: 1449 எரருக்கு முழுமையான வழிகாட்டி

வேலையை விட்டுப் போன ஒருவரின் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் அக்கவுண்டை நீக்குகிறீர்கள், அல்லது ஒரு யூசரின் பெயரை மாற்றுகிறீர்கள். கட்டளை ஒழுங்காக ஓடி முடிகிறது. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் ப்ரொசீஜரை (டேட்டாபேஸுக்குள் சேமித்துவைத்து, பெயர் சொல்லி ஓட்டும் கட்டளைத் தொகுப்பை) யாரோ கூப்பிடும்போதுதான் 1449 என்ற எரர் வருகிறது: டிஃபைனராக, அதாவது உரிமையாளராக, குறிப்பிட்ட யூசர் இல்லை. ப்ரொசீஜரில் யாரும் கை வைக்கவில்லை, டேபிள்களும் அப்படியே இருக்கின்றன. ஆனாலும் வேலை நின்றுவிட்டது.

மைஎஸ்கியூஎல் நிர்வகிக்கும் எல்லோரும் ஒருநாள் இதில் மாட்டுவார்கள். இணையத்தில் கிடைக்கும் ஒருவரி வைத்தியங்கள் பெரும்பாலும் எரரை மறைக்கின்றன, கூடவே பாதுகாப்பு ஓட்டை ஒன்றையும் திறந்து வைக்கின்றன. அதனால் காரணத்தில் தொடங்கி படிப்படியாகப் பார்ப்போம். கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டைப் செய்யும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்தில் போடுங்கள்.

கோளாறு எங்கே இருக்கிறது

ஸ்டோர்டு ப்ரொசீஜர் மைஎஸ்கியூஎல்-இல் வந்தது 5.0 பதிப்பில், 2005-இல். ப்ரொசீஜரை உருவாக்கும்போது அதனுடன் டிஃபைனர் என்ற ஒரு விவரமும் பதிவாகும். 'கவிதா'@'லோக்கல்ஹோஸ்ட்' என்ற அக்கவுண்ட் உருவாக்கினால் அந்தப் பெயரே டிஃபைனர். எஸ்கியூஎல் செக்யூரிட்டி என்ற பண்பை நாம் எதுவும் சொல்லாமல் விட்டால் அதுவும் 'டிஃபைனர்' என்றே இருக்கும். அதாவது யார் கூப்பிட்டாலும் ப்ரொசீஜர் ஓடுவது கவிதாவின் அனுமதிகளோடு.

சிக்கல் இந்த டிஃபைனர் சேமிக்கப்படும் விதத்தில் இருக்கிறது. அது வெறும் எழுத்துச்சரம். யூசர் டேபிளோடு அதற்கு எந்த இணைப்பும் இல்லை. ரீனேம் யூசர் கட்டளை யூசரின் பெயரையும் அவருக்குக் கொடுத்த அனுமதிகளையும் மாற்றும். ப்ரொசீஜர், வியூ (சேமித்துவைத்த கேள்வி), ட்ரிகர் (டேபிள் மாறும்போது தானாக ஓடுவது), ஈவென்ட் (குறித்த நேரத்தில் தானாக ஓடுவது) ஆகியவற்றில் எழுதியிருக்கும் பழைய பெயரைத் தொடாது. @-க்குப் பின் வரும் ஹோஸ்ட் பகுதியும் (எந்தக் கணினியிலிருந்து இணைகிறார் என்பது) பெயரின் அங்கம் என்பதால், 'கவிதா'@'லோக்கல்ஹோஸ்ட்' என்பதை 'கவிதா'@'%' என்று மாற்றினாலே போதும், எல்லாம் அனாதையாகிவிடும்.

போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே உரிமையாளரின் உள் எண் சேமிக்கப்படுகிறது, அதனால் பெயர் மாறினாலும் உறவு அறுவதில்லை. உரிமையை மாற்ற ஆல்டர் ப்ரொசீஜர் ... ஓனர் டூ என்று நேரடியான கட்டளை உண்டு. ஒரு டேட்டாபேஸில் ஒருவரிடம் இருக்கும் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் இன்னொருவருக்குக் கொடுக்க ரீஅசைன் ஓன்ட் உண்டு. மைஎஸ்கியூஎல்-இலும் ஆல்டர் ப்ரொசீஜர் இருக்கிறது. ஆனால் அது கமென்ட், செக்யூரிட்டி வகை போன்ற பண்புகளை மட்டுமே மாற்றும், டிஃபைனரை மாற்றாது. ஆல்டர் வியூவிலும் ஆல்டர் ஈவென்ட்டிலும் டிஃபைனரை மாற்ற வழி வைத்தவர்கள் ப்ரொசீஜருக்கு வைக்கவில்லை.

ரீனேம் யூசர் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று அதிகாரபூர்வ கையேடு சொல்லிவிடுகிறது. அதை வைத்து இது பிழை அல்ல, வடிவமைப்பு என்று வாதிடலாம். நான் பிழை என்றே சொல்வேன். தானே பதிந்துவைத்த ஓர் உறவை, தானே ஓட்டும் கட்டளையால் சத்தமில்லாமல் உடைக்கும் மென்பொருளை வேறு எப்படிச் சொல்வது?

8.0.22-இல் என்ன மாறியது

2020 அக்டோபரில் வந்த 8.0.22 பதிப்பில் இதற்குப் பாதித் தீர்வு கிடைத்தது. ஒரு ட்ராப் யூசரோ ரீனேம் யூசரோ ஏதாவது ப்ரொசீஜரை அனாதையாக்கும் என்றால், கட்டளை எரர் கொடுத்து நிற்கும். அனாதையாகக் கிடக்கும் ஒன்றைப் புது அக்கவுண்ட் தத்தெடுத்துக்கொள்ளும் என்றால் கிரியேட் யூசரும் நிற்கும்.

'தத்தெடுப்பது' ஏன் ஆபத்து? பழைய பெயரிலேயே யாராவது ஒரு புது அக்கவுண்டை உருவாக்கினால், அனாதையாகக் கிடந்த ப்ரொசீஜர்கள் உடனே உயிர் பெற்று அந்தப் புது அக்கவுண்டின் அனுமதிகளோடு ஓடத் தொடங்கும். புது அக்கவுண்டுக்குப் பெரிய அனுமதிகள் இருந்தால், அந்த ப்ரொசீஜர்களைக் கூப்பிடும் உரிமை உள்ள எல்லோர் கையிலும் அந்த அதிகாரம் மறைமுகமாகப் போய்ச் சேரும்.

ஏன் பாதித் தீர்வு என்கிறேன் என்றால், செட்_யூசர்_ஐடி என்ற அனுமதி உள்ளவருக்கு இந்தத் தடை கிடையாது. அவருக்கு ஒரு எச்சரிக்கை மட்டும் வரும், வேலை நடந்துவிடும். ரூட் அக்கவுண்டிடம் பொதுவாக அந்த அனுமதி இருக்கும், நம்மில் பெரும்பாலோர் யூசர்களை நீக்குவதும் ரூட்டாக உள்ளே போய்த்தான். ஸ்கிரிப்ட் வழியாக ஓட்டினால் எச்சரிக்கையை யார் பார்க்கப் போகிறார்கள்? 2023 அக்டோபரில் வந்த 8.2-இல் இந்த அனுமதியை செட்_எனி_டிஃபைனர், அலவ்_நான்எக்ஸிஸ்டன்ட்_டிஃபைனர் என்று இரண்டாகப் பிரித்தார்கள். 8.4-இல் பழையது நீக்கப்பட்டது. புதுப் பதிப்பில் இருந்தால், இரண்டாவது அனுமதியை யாருக்கும் நிரந்தரமாகக் கொடுத்து வைக்காதீர்கள்.

முதல் படி: அனாதைகளைக் கண்டுபிடிப்பது

1449 வந்த ஒரு ப்ரொசீஜரை மட்டும் சரிசெய்து நிறுத்தாதீர்கள். அதே டிஃபைனரில் இன்னும் பல இருக்கும். இந்தக் கேள்வியை ஓட்டுங்கள் (ரூட்டீன் என்பது ப்ரொசீஜரையும் ஃபங்ஷனையும் சேர்த்துச் சொல்லும் பெயர்):

செலக்ட் ரூட்டீன்_ஸ்கீமா, ரூட்டீன்_நேம், ரூட்டீன்_டைப், டிஃபைனர், செக்யூரிட்டி_டைப்
ஃப்ரம் இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா.ரூட்டீன்ஸ்
வேர் டிஃபைனர் நாட் இன்
(செலக்ட் கான்கேட்(யூசர், '@', ஹோஸ்ட்) ஃப்ரம் மைஎஸ்கியூஎல்.யூசர்);

இதே வடிவில் வியூஸ், ட்ரிகர்ஸ், ஈவென்ட்ஸ் என்ற மற்ற மூன்றிலும் தேடுங்கள். மூன்றிலும் டிஃபைனர் என்ற நெடுவரிசை இருக்கிறது. இந்த நாலு வகையும் கெட்டுப்போகும் விதம் ஒன்று அல்ல. டிஃபைனர் அனுமதியோடு ஓடும் ப்ரொசீஜர் கூப்பிட்டதும் 1449 கொடுக்கும். இன்வோக்கர் (கூப்பிடுபவரின் அனுமதியோடு ஓடுவது) என்று எழுதியது எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடும். வியூ உடைந்திருந்தால் மைஎஸ்கியூஎல்டம்ப் வைத்து எடுக்கும் பேக்கப், டேபிள்களைப் பூட்டும் இடத்திலேயே 1449 கொடுத்து நின்றுவிடும். பேக்கப் நின்றுபோனதை வைத்தே இந்தக் கோளாறை முதலில் கவனிப்பவர்கள் அதிகம். ஈவென்ட் தான் மோசம். அது பின்னணியில் ஓடுவதால் தோல்வி எரர் லாக்கில் மட்டுமே பதிவாகும், திரையில் எதுவும் தெரியாது.

இரண்டாம் படி: அவசரம் என்றால் தற்காலிகக் கட்டு

கணக்கு முடிக்க வேண்டிய நேரம், ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்றால், காணாமல் போன அதே பெயரில் அக்கவுண்டைப் பூட்டிய நிலையில் மறுபடி உருவாக்குங்கள்:

கிரியேட் யூசர் 'கவிதா'@'லோக்கல்ஹோஸ்ட்' அக்கவுண்ட் லாக்;

பூட்டிய அக்கவுண்டால் யாரும் உள்ளே நுழைய முடியாது. ஆனால் அதை டிஃபைனராகக் கொண்ட ப்ரொசீஜர் தடையில்லாமல் ஓடும். அப்புறம் அந்த ப்ரொசீஜர்கள் தொடும் டேபிள்களுக்கான அனுமதியையும் ப்ரொசீஜர்களை ஓட்டும் எக்ஸிக்யூட் அனுமதியையும் மட்டும் கொடுங்கள். 8.0.22-க்குப் பின் இந்தக் கிரியேட் யூசரே 'தத்தெடுப்பு' என்று தடுக்கப்படலாம். இங்கே நாம் தெரிந்தேதான் செய்கிறோம், அதனால் செட்_யூசர்_ஐடி (8.2 முதல் அலவ்_நான்எக்ஸிஸ்டன்ட்_டிஃபைனர்) உள்ள அக்கவுண்டிலிருந்து ஓட்டி, எச்சரிக்கையைப் படித்துவிட்டு நகருங்கள்.

மூன்றாம் படி: புது உரிமையாளரைத் தேர்ந்தெடுப்பது

இங்கே எடுக்கும் முடிவுதான் நாளைக்கு இதே வேலையை மறுபடி செய்வோமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. உரிமையை இன்னொரு ஊழியரின் பெயருக்கு மாற்றினால் அவரும் ஒருநாள் போவார். ரூட்டுக்கு மாற்றினால் இன்னும் மோசம். ஒரு சின்ன ப்ரொசீஜரில் கவனக்குறைவாக எழுதிய டைனமிக் எஸ்கியூஎல் (ஓடும்போது எழுத்துச்சரமாகச் சேர்த்து உருவாக்கும் கட்டளை) ஒன்று இருந்தால் போதும், அதைக் கூப்பிடுபவர் ரூட்டின் அதிகாரத்தோடு சர்வரில் எதையும் செய்யலாம்.

மைஎஸ்கியூஎல் தனக்காக என்ன செய்துகொண்டது என்று பாருங்கள். சர்வரின் நிலையைப் பார்க்க மைஎஸ்கியூஎல்-உடனே வரும் சிஸ் ஸ்கீமாவில் உள்ள பொருள்களுக்கு டிஃபைனர் 'மைஎஸ்கியூஎல்.சிஸ்'@'லோக்கல்ஹோஸ்ட்' என்ற பூட்டிய அக்கவுண்ட். நிர்வாகி ரூட்டின் பெயரை மாற்றினாலோ அதை நீக்கினாலோ சிஸ் ஸ்கீமா உடையக் கூடாது என்பதே அதன் நோக்கம். அதே வழியில் நாமும் போகலாம். 'கடை' என்ற டேட்டாபேஸுக்கு 'கடை_ஓனர்'@'லோக்கல்ஹோஸ்ட்' என்று ஒரு பூட்டிய அக்கவுண்ட். அது எந்த மனிதருக்கும் சொந்தமில்லை, பாஸ்வேர்டும் யாரிடமும் இல்லை.

அனுமதி கொடுக்கும்போது பலர் தவறவிடுவது ஒன்று: டிஃபைனருக்கும் எக்ஸிக்யூட் அனுமதி வேண்டும். கூப்பிடுபவருக்கு இருந்தால் போதாது. டிஃபைனரின் அடையாளத்துக்கு மாறிய பிறகு சர்வர் அந்த உரிமையை இன்னொரு தடவை சரிபார்க்கும். இல்லையென்றால் 1370 என்ற எரர் வரும், அதில் நீங்கள் எதிர்பார்க்காத புது டிஃபைனரின் பெயர் இருக்கும்.

கிரான்ட் செலக்ட், இன்சர்ட், அப்டேட், டெலீட், எக்ஸிக்யூட் ஆன் கடை.* டூ 'கடை_ஓனர்'@'லோக்கல்ஹோஸ்ட்';

ப்ரொசீஜர்கள் தற்காலிக டேபிள் உருவாக்கினால் அதற்கான அனுமதியையும் சேருங்கள். 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஆல் ப்ரிவிலேஜஸ் கொடுத்துவிடாதீர்கள்.

நான்காம் படி: நீக்குவதற்கு முன் எடுத்துவைக்க வேண்டியவை

ஆல்டர் வழி இல்லை என்பதால் ப்ரொசீஜரை நீக்கிவிட்டுப் புது டிஃபைனரோடு மறுபடி உருவாக்குவதுதான் ஒரே முறை. நீக்கும்போது ப்ரொசீஜரின் உடல் மட்டும் போவதில்லை.

முதலில் போவது அனுமதிகள். ஆட்டோமேட்டிக்_எஸ்பி_ப்ரிவிலேஜஸ் என்ற அமைப்பு இயல்பாகவே ஆன் நிலையில் இருக்கும். அப்போது ப்ரொசீஜரை நீக்கினால், அந்த ஒரு ப்ரொசீஜருக்கென்று தனியாகக் கொடுத்த எக்ஸிக்யூட் அனுமதிகளும் கூடவே அழிந்துவிடும். அதே பெயரில் மறுபடி உருவாக்கினாலும் திரும்பி வராது. டேட்டாபேஸ் முழுவதற்கும் கொடுத்த அனுமதிகளுக்கு ஆபத்தில்லை. எனவே மைஎஸ்கியூஎல்.ப்ராக்ஸ்_ப்ரிவ் டேபிளில் உங்கள் டேட்டாபேஸுக்கான வரிகளை எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு கிரான்ட் கட்டளையாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எஸ்கியூஎல்_மோட், அதாவது கட்டளைகளை எவ்வளவு கண்டிப்பாக, எந்த அர்த்தத்தில் படிப்பது என்ற அமைப்பு. ப்ரொசீஜர் உருவான நேரத்தில் அந்த செஷனில் என்ன மோட் இருந்ததோ அதுவே அதனுடன் பதிவாகி, ஒவ்வொரு முறை ஓடும்போதும் அமலாகும். பழைய சர்வரில் தளர்வான மோடில் எழுதிய ப்ரொசீஜரை இன்றைய செஷனில் அப்படியே ஒட்டினால், குரூப் பை வரிகளைக் கண்டிப்பாகச் சரிபார்க்கும் ஒன்லி_ஃபுல்_குரூப்_பை வந்து ஒட்டிக்கொள்ளும். உருவாக்கும்போது எரர் வராது. ஓடும்போது, அதுவும் குரூப் பை உள்ள வரிக்கு வந்தபிறகுதான் வரும். இரட்டை மேற்கோளை எழுத்துச்சரமாகப் பயன்படுத்திய ப்ரொசீஜர், ஏஎன்எஸ்ஐ_கோட்ஸ் உள்ள மோடில் வேறு அர்த்தம் கொள்ளும். ஷோ கிரியேட் ப்ரொசீஜர் முடிவில் மோடும் எழுத்துக்குறி அமைப்புகளும் தனி நெடுவரிசைகளில் வரும், அவற்றையும் சேர்த்தே எடுங்கள்.

இதையெல்லாம் கையால் செய்யாமல் மைஎஸ்கியூஎல்டம்ப்-ஐ வைத்துச் செய்வது நல்லது. அது ஒவ்வொரு ப்ரொசீஜருக்கும் முன் சரியான மோடையும் எழுத்துக்குறி அமைப்பையும் தானாகவே எழுதிவிடும்:

மைஎஸ்கியூஎல்டம்ப் --ரூட்டீன்ஸ் --நோ-டேட்டா --நோ-கிரியேட்-இன்ஃபோ --நோ-கிரியேட்-டிபி --ஸ்கிப்-ட்ரிகர்ஸ் கடை > ரூட்டீன்ஸ்.எஸ்கியூஎல்

ரூட்டீன்ஸ் என்ற ஆப்ஷனைக் கேட்காவிட்டால் ப்ரொசீஜர்கள் டம்ப்பில் வரவே வராது. ட்ரிகர்கள் மட்டும் கேட்காமலே வரும். கோப்பைத் திறந்து எல்லா ப்ரொசீஜரும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். டம்ப் எடுக்கும் அக்கவுண்டுக்கு அடுத்தவரின் ப்ரொசீஜர் உடலைப் படிக்கும் உரிமை இல்லையென்றால் அது கிடைக்காது. 8.0.20 முதல் இதற்கு ஷோ_ரூட்டீன் என்று தனி அனுமதியே இருக்கிறது. ஷோ கிரியேட்டில் உடல் இருக்க வேண்டிய இடத்தில் 'நல்' (வெற்று மதிப்பு) என்று வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

5.7-இலிருந்து 8.0-க்கு மாறும்போதே இதைச் செய்பவர்களுக்கு இன்னொரு தடங்கல் உண்டு. பழைய டம்ப்பில் உள்ள மோட் பட்டியலில் நோ_ஆட்டோ_கிரியேட்_யூசர் இருந்தால் 8.0 அதை ஏற்காமல் 1231 எரர் கொடுக்கும். பட்டியலிலிருந்து அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள், மற்ற மோட்களை விட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: டிஃபைனரை மாற்றி எழுதுவது

டம்ப்பின் நகல் ஒன்றில் மட்டும் வேலை செய்யுங்கள். மூலத்தைத் தொடாதீர்கள், திரும்பிப் போக அதுதான் வழி. 'செட்' (sed) போன்ற, உரையைத் தேடி மாற்றும் கருவியால் மாற்றும்போது கோப்பு முழுவதும் 'கவிதா' என்ற சொல்லை மாற்றாதீர்கள். கிரியேட் டிஃபைனர்= என்று தொடங்கும் வரியில், அக்கவுண்ட் பெயர் இருக்கும் துண்டை மட்டும் குறிவையுங்கள். ப்ரொசீஜர் உடலுக்குள் ஏதாவது இன்சர்ட்டில் அதே பெயர் தரவாக இருக்கக்கூடும். மாற்றிய பிறகு இரண்டு கோப்புகளையும் ஒப்பிடும் டிஃப் போட்டுப் பாருங்கள்: ப்ரொசீஜருக்கு ஒரு வரிதான் வேறுபட வேண்டும்.

டிஃபைனர் பகுதியை மொத்தமாக வெட்டிவிடுங்கள் என்ற ஆலோசனையைப் பல இடங்களில் பார்ப்பீர்கள். வெட்டினால், கோப்பை ஏற்றும் அக்கவுண்ட் எதுவோ அதுவே டிஃபைனர் ஆகும். அது ரூட் என்றால், மூன்றாம் படியில் தவிர்த்த ஆபத்துக்கே திரும்பி வருகிறோம். க்ளவுட் சேவைகளில் இந்த ஆலோசனை பிரபலமானதற்குக் காரணம் இருக்கிறது. அமேசான் ஆர்டிஎஸ் போன்றவற்றில் முதன்மை யூசருக்கும் சூப்பர் அனுமதி கிடையாது. வேறொருவரை டிஃபைனராகப் போடும் உரிமை இல்லாத அக்கவுண்டில் ஏற்றினால் 1227 எரர் வரும். அங்கே முதலில் ஷோ கிரான்ட்ஸ் போட்டு செட்_யூசர்_ஐடி அல்லது செட்_எனி_டிஃபைனர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 'கடை_ஓனர்' அக்கவுண்டை (அங்கே அதன் ஹோஸ்ட் பகுதி லோக்கல்ஹோஸ்ட் என்று இல்லாமல், நீங்கள் இணையும் இடத்துக்குப் பொருந்த வேண்டும்) தற்காலிகமாகத் திறந்து, கிரியேட் ரூட்டீன், ஆல்டர் ரூட்டீன் அனுமதிகளையும் கொடுத்து, அதன் பெயரிலேயே உள்ளே போய் ஏற்றுங்கள். முடிந்ததும் அந்த இரண்டையும் பறித்து, அக்கவுண்டை மறுபடி பூட்டுங்கள்.

ஆறாம் படி: ஏற்றுவது

டம்ப் கோப்பில் ஒவ்வொரு ப்ரொசீஜருக்கும் ட்ராப், உடனே கிரியேட் என்று வரிசையாக இருக்கும். இரண்டையும் ஒரே ட்ரான்ஸாக்ஷனுக்குள் வைக்க முடியாது. ஒவ்வொரு கட்டளையும் தானாகவே கமிட் ஆகிவிடும். இடைப்பட்ட நொடியில் கூப்பிடுபவருக்கு ப்ரொசீஜர் இல்லை என்ற 1305 வரும். எனவே கூட்டம் இல்லாத நேரத்தில், முடிந்தால் செயலியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். ஏற்றி முடித்ததும் நான்காம் படியில் எழுதி வைத்த கிரான்ட் கட்டளைகளை ஓட்டுங்கள்.

ட்ரிகர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். ஆட்-ட்ராப்-ட்ரிகர் என்ற ஆப்ஷனைத் தனியாகக் கேட்டால்தான் டம்ப்பில் ட்ராப் வரி வரும். ப்ரொசீஜர் இல்லாவிட்டால் எரராவது வரும்; ட்ரிகர் இல்லாத நொடியில் நுழையும் வரிகள் எந்தச் சத்தமும் இல்லாமல் ட்ரிகரைத் தாண்டிப் போய்விடும். அதனால் அந்த டேபிளை லாக் டேபிள்ஸ் ... ரைட் என்று பூட்டிவிட்டு மாற்றுங்கள். ஒரே டேபிளில் ஒரே நிகழ்வுக்குப் பல ட்ரிகர்கள் இருந்தால் பழைய வரிசையிலேயே உருவாக்க வேண்டும்.

வியூவுக்கு ஆல்டர் வியூ போதும். ஈவென்ட்டுக்கு ஆல்டர் ஈவென்ட். ஆனால் டிஃபைனரைக் குறிப்பிடாமல் வேறு எதற்காக ஆல்டர் ஈவென்ட் ஓட்டினாலும், ஓட்டியவரே புது டிஃபைனர் ஆகிவிடுவார். நேரத்தை மாற்றப் போய் உரிமையை மாற்றிவிட்டு வருவது இப்படித்தான் நடக்கிறது.

5.7-உம் மரியாடிபி-உம்

5.7-இல் மைஎஸ்கியூஎல்.ப்ராக் என்ற டேபிளில் டிஃபைனர் நெடுவரிசையை நேரடியாக அப்டேட் செய்வது பலருக்குப் பழக்கம். அனுமதிகளும் மோடும் அப்படியே இருப்பதால் வசதிதான். ஆனால் ஏற்கனவே திறந்திருக்கும் கனெக்ஷன்கள் பழைய பதிவைத் தங்கள் நினைவில் வைத்திருக்கும், அதனால் அவற்றை மூடித் திறக்க வேண்டும். சிஸ்டம் டேபிளைக் கையால் திருத்துவது அதிகாரபூர்வமான வழியும் அல்ல. 8.0-இல் அந்த டேபிளே இல்லை. அதன் இடத்தில் வந்த டேட்டா டிக்ஷனரியை நாம் தொட முடியாது. 5.7-க்கான ஆதரவு 2023 அக்டோபரோடு முடிந்துவிட்டதால் இந்தப் பழக்கத்தை இப்போதே விடுவது நல்லது.

மைஎஸ்கியூஎல்-இலிருந்து பிரிந்து வந்த மரியாடிபி-ஐப் பயன்படுத்துபவர்களுக்கு வேலை சுலபம். 10.1.3 முதல் அங்கே கிரியேட் ஆர் ரீப்ளேஸ் ப்ரொசீஜர் இருக்கிறது, இப்படி மாற்றும்போது ப்ரொசீஜருக்குக் கொடுத்த அனுமதிகளும் அழிவதில்லை. மைஎஸ்கியூஎல்-இலும் இது வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஏழாம் படி: சரிபார்ப்பது

முதல் படியின் கேள்வியை மறுபடி ஓட்டுங்கள். ஒரு வரிகூட வரக்கூடாது. பழைய டம்ப்பையும் இப்போது புதிதாக எடுத்த டம்ப்பையும் டிஃப் போட்டால், டிஃபைனர் வரிகளும் டம்ப் எடுத்த நேரமும் மட்டுமே மாறியிருக்க வேண்டும்.

பிறகு ப்ரொசீஜர்களைக் கூப்பிட்டுப் பாருங்கள், ரூட்டாக அல்ல. ரூட்டாகக் கூப்பிட்டால், கூப்பிடுபவருக்கான எக்ஸிக்யூட் அனுமதி தொலைந்து போயிருந்தாலும் தெரியாது. செயலி எந்த அக்கவுண்டில் உள்ளே வருகிறதோ அதிலேயே கூப்பிட வேண்டும். ஒரு ப்ரொசீஜருக்குள் இன்னொன்று கூப்பிடப்பட்டால் அந்தப் பாதையும் ஓடும்படி உள்ளீடு கொடுங்கள். டிஃபைனர் அனுமதி விட்டுப்போனது உள்ளே இருக்கும் ப்ரொசீஜரில்தான் பெரும்பாலும் வெளிப்படும்.

எல்லாம் ஓடினால், இரண்டாம் படியில் உருவாக்கிய தற்காலிக 'கவிதா' அக்கவுண்டை நீக்குங்கள். செட்_யூசர்_ஐடி (8.2 முதல் அலவ்_நான்எக்ஸிஸ்டன்ட்_டிஃபைனர்) இல்லாத, ஆனால் யூசரை நீக்கும் உரிமை உள்ள ஒரு அக்கவுண்டிலிருந்து அந்த ட்ராப் யூசரை ஓட்டுவது நல்லது: 8.0.22-க்கு மேல் என்றால், ஏதாவது ஒரு வியூவோ ஈவென்ட்டோ விட்டுப்போயிருந்தாலும் சர்வரே எரர் கொடுத்துத் தடுத்துவிடும். இனிமேல் வரும், டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் மைக்ரேஷன் கோப்புகளில் ஒவ்வொரு கிரியேட் ப்ரொசீஜரிலும் டிஃபைனர்='கடை_ஓனர்'@'லோக்கல்ஹோஸ்ட்' என்று வெளிப்படையாக எழுதுங்கள். அனாதைகளைத் தேடும் அந்தக் கேள்வியை, ஒவ்வொரு வெளியீட்டுக்குப் பிறகும் ஓடும் சோதனைகளோடு சேர்த்துவிடுங்கள்.